ஓட்டை எங்கே என்று தண்ணீரே சொல்லும்

விடியற்காலையில் வைகை அணைப் பக்கம் போயிருக்கிறீர்களா? வெயில் ஏறுவதற்குள் பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்துவிடும். வலையில் கட்லா, ரோகு, மிர்கால் கிடக்கும். எது இல்லாவிட்டாலும் ஜிலேபி கட்டாயம் இருக்கும். மீனை எடுத்துப் போட்ட கையோடு பரிசலைக் கரைக்கு இழுத்துக் கவிழ்த்து வைப்பார்கள். அப்படியே அதன் அடியில் ஒரு பார்வை. எங்காவது கல் கீறியிருக்கிறதா, ஓரம் பிரிந்திருக்கிறதா என்று கை தடவிப் பார்க்கும். அந்த ஒரு நிமிடப் பார்வைதான் மறுநாள் பிழைப்புக்கும் உயிருக்கும் காவல்.

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, மேலே தார் பூசிய பரிசலாக இருந்த காலத்தில் இது சுலபம். ஒழுகினால் தாரைக் காய்ச்சி ஊற்றலாம். இன்றைக்கு பைபர் பரிசல் வந்துவிட்டது. அதற்கும் கெமிக்கலும் கண்ணாடி இழைத் துணியும் வாங்கி, தேய்த்து, ஒட்டிக்கொள்ளத் தெரிந்துவிட்டது. ஆனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. எப்போதாவது யார் மூலமாவது கைமாறி வந்து சேரும் அலுமினியப் படகு. நசுங்கி, வெளுத்து, உள்ளே சருகும் சேறுமாகக் கரையோரம் கிடக்கும். அதைப் பார்த்ததும் பழைய இரும்புக்கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "எடைக்குப் போட்டுருங்கண்ணே, நல்ல விலை வரும்."

எடைக்குப் போடுவதா, சரி செய்து தண்ணீரில் விடுவதா?

பெரும்பாலும் சரி செய்யலாம். அலுமினியம் அவ்வளவு சீக்கிரம் சாகிற உலோகம் இல்லை. ஆனால் அதைச் சரி செய்கிறேன் என்று இறங்குகிறவர்கள் முதலில் கையில் எடுப்பது பெயின்ட் டப்பாவை. தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

சமையலறையில் தெரிந்த உலோகம்

அலுமினியம் எப்படிக் கெடும் என்பது நம்மூர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். பெரியவர்கள் இன்னமும் அதை 'ஈயம்' என்றுதான் சொல்வார்கள். ஈயச்சட்டி, ஈயக் குண்டான் என்பதெல்லாம் நிஜத்தில் அலுமினியம்தான். ரசத்துக்கு வைக்கிற நிஜ ஈயச்சொம்பு வேறு. குண்டானில் சோறு வடிக்கலாம், வெந்நீர் வைக்கலாம், பத்து வருஷமானாலும் ஒன்றும் ஆகாது. அதிலேயே புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டு வையுங்கள். காலையில் அடியில் கறுப்புப் பொட்டுகள் தெரியும். நாளாக நாளாக அந்தப் பொட்டு குழியாகும், குழி ஓட்டையாகும்.

காரணம் இதுதான். காற்றுப் பட்டவுடனேயே அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்கிறது. அதுதான் அதன் சட்டை. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே போகும். அலுமினியத்தின் படலமோ உரிந்தாலும் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். புளி, உப்பு, காஸ்டிக் சோடா போன்றவை அந்தச் சட்டையைக் கிழித்துவிடும். கிழிந்த இடம் ஈரத்திலேயே கிடந்தால் அங்கே மட்டும் குழி விழும். மற்ற இடமெல்லாம் புதுசு போலவே இருக்கும்.

பழைய படகிலும் இதே கதைதான். பக்கவாட்டில் எவ்வளவு பளபளப்பு என்பதை விட, உள்ளே அடித்தட்டில் மக்கிய இலையும் சேறும் எத்தனை மழைக்காலம் கிடந்தது என்பதுதான் கேள்வி. அவற்றை வாரி எறிந்துவிட்டுப் பார்த்தால் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். நகத்தால் சுரண்டினால் கீழே குழி. ஒரு சின்னக் கம்பியால் அந்தக் குழியை அழுத்திப் பாருங்கள். கம்பி உள்ளே இறங்கினால் அது குழி இல்லை, ஓட்டை.

மயில்துத்தம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் கேட்டால் இன்னொரு பாடமும் கிடைக்கும். சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பலுக்கும் மருந்தடிக்கிற இடத்தில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பழைய சமாச்சாரம். அந்தத் துத்தத்தை உலோகப் பாத்திரத்தில் கரைக்கவே கூடாது என்பது தோட்டத்துப் பாலபாடம். மண்பானை, மரத்தொட்டி, இப்போது பிளாஸ்டிக் டிரம்.

அலுமினியத் தட்டில் துத்தக் கரைசலை ஊற்றினால், செம்பு சிவப்பாகத் தட்டின் மேல் படிய, அலுமினியம் கரைந்து போகும். இரண்டு உலோகங்கள் ஈரத்தில் சேர்ந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் தோற்பது எப்போதும் அலுமினியம்தான்.

இதைப் படகுக்குப் பொருத்திப் பாருங்கள். அடித்தட்டில் ஒரு பித்தளைத் திருகு கழன்று விழுந்து கிடக்கிறது. விளக்குக்கு இழுத்த செம்புக் கம்பியின் துண்டு ஒன்று சேற்றில் புதைந்திருக்கிறது. துடுப்பு மாட்டும் கொண்டிக்கு யாரோ பித்தளை போல்ட் போட்டிருக்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கும். அணைத் தண்ணீர் நன்னீர் என்பதால் கடலில் நடப்பது போல வேகமாக நடக்காது, ஆனால் நடக்கும். படகைத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிறுத்தி வைப்பதும் நல்லதல்ல. மேலே அடிக்கிற செம்பு மருந்து சொட்டுச் சொட்டாக அதன் மேல்தான் விழும்.

ஆகவே முதல் வேலை, படகில் அலுமினியம் அல்லாத எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கழற்றுவது. எஃகு போல்ட் போட்டே ஆக வேண்டிய இடத்தில் நைலான் வாஷர் வைத்து, உலோகம் உலோகத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

போர் விமானத்திலிருந்து வந்த ரிவெட்

அலுமினியப் படகின் உடம்பில் வரிசை வரிசையாகப் பொத்தான்கள் போலத் தெரிபவை ரிவெட்டுகள். இவை எப்படி வந்தன என்பதற்குப் பின்னால் ஒரு சுவையான கதை உண்டு.

அமெரிக்காவின் குரும்மன் நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் கடற்படைக்கு ஹெல்கேட் போன்ற போர் விமானங்களைச் செய்து தள்ளியது. அங்கே வேலை பார்த்த வில்லியம் ஹாஃப்மன் 1944-ல் விடுமுறைக்கு அடிரான்டாக் மலைப் பகுதிக்குப் போனார். ஓர் ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்கு மரமும் கான்வாஸும் சேர்ந்த தோணியைத் தோளில் சுமந்து போக வேண்டியிருந்தது. நனைந்த தோணி கனத்தது. விமானம் செய்கிற தகட்டிலேயே தோணி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. போர் முடிந்து விமான ஆர்டர்கள் குறைந்த 1945-லேயே அந்த நிறுவனம் அலுமினியத் தோணிகளைச் செய்யத் தொடங்கிவிட்டது. விமான இறக்கையில் தகடுகளை இணைத்த அதே ரிவெட் வேலைதான் தோணிக்கும். அதன் பிறகு ஏரிகளில் மீன்பிடிக்கிற சின்ன அலுமினியப் படகுகள் பலவும் அந்த வழியில் வந்தன.

இந்தியாவில் அலுமினியம் படகுக்கு வேறு வழியாகவும் வந்தது. கொச்சியில் 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப் படகுகளின் அடியைப் புழு அரிக்காமல் இருக்கச் செம்புத் தகடு அடிக்கிற இடத்தில் அலுமினியக் கலவைத் தகடு அடிக்கலாம் என்று ஆராய்ந்து சொன்னது. அங்கே அது படகுக்குச் சட்டை. இங்கே படகே அதுதான்.

இப்போது நம் படகுக்கு வருவோம். தகட்டின் கனம் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர்தான். அலையில் அடிபட்டு, கல்லில் உரசி, தகடுகள் மெல்ல அசைந்து அசைந்து ரிவெட்டுகள் தளர்ந்துவிடும். பழைய அலுமினியப் படகு ஒழுகுகிறது என்றால் பத்துக்கு எட்டு தடவை குற்றவாளி ஓட்டை இல்லை, தளர்ந்த ரிவெட்தான்.

படகுக்குள் தண்ணீர் ஊற்றுங்கள்

எந்த ரிவெட் என்று எப்படித் தெரியும்? கண்ணுக்கு எல்லாமே ஒரே மாதிரி இருக்கும். இதற்கு ஒரு தலைகீழ் வைத்தியம் உண்டு. படகைத் தண்ணீரில் விடாமல், தண்ணீரைப் படகில் விடுவது.

படகை நிமிர்த்தி, இடுப்பளவு உயரத்தில் கட்டைகளின் மேல் வையுங்கள். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். பிறகு உள்ளே தண்ணீரை விட்டு, கீழே உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். சொட்டுகிற ஒவ்வொரு இடத்தையும் எண்ணெய் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு சொட்டைக்கூட விட மாட்டார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. 'கொஞ்சம்தானே' என்று வாய் வரைக்கும் நிரப்பிவிடாதீர்கள். பன்னிரண்டு அடிப் படகின் அடித்தட்டு சுமார் 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வையுங்கள். அதில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டாலே 300 லிட்டர், அதாவது 300 கிலோ. தண்ணீரில் மிதக்கும்போது வெளியிலிருந்து தண்ணீர் அதைத் தாங்கும். கட்டைமேல் வைத்தால் அந்த எடை முழுவதும் முட்டுக் கொடுத்த இடத்தில்தான் இறங்கும். நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக்கு அடியில் மூன்று, நான்கு இடங்களில் முட்டு வேண்டும். கணுக்கால் அளவு தண்ணீர் போதும். பிள்ளைகளை படகுக்கு அடியில் தலையைக் கொடுக்க விடாதீர்கள். பக்கவாட்டில் நின்றே பார்க்கலாம்.

தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ரிவெட்டின் தலைமேல் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளேயிருந்து வால் பக்கத்தைச் சுத்தியலால் தட்டுவார். ஓங்கி அடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகிவிடும். மறுபடி தண்ணீர் விட்டுப் பாருங்கள். இன்னும் சொட்டுகிற ரிவெட்டை டிரில் போட்டு எடுத்துவிட்டுப் புதியது போட வேண்டும்.

இங்கே ஹார்டுவேர் கடையில் ஒரு கவனம். சாதாரண 'பாப் ரிவெட்' நடுவில் துளையுள்ளது. அந்தத் துளை வழியாகவே தண்ணீர் வரும். உள்ளே நிற்கும் இரும்பு ஊசியும் துருப்பிடிக்கும். முனை மூடிய ரிவெட் என்று தனியாக இருக்கிறது. 'சீல்டு ரிவெட்' என்று கேட்டு வாங்க வேண்டும். அதுவும் அலுமினியத்தில்.

படகு மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம்

தேனி மாவட்டத்தில் படகுப் பட்டறைக்கு எங்கே போவது? கடற்கரைக்குப் போக வேண்டாம். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பாடி வேலை பார்க்கிற டிங்கர் பட்டறைக்குப் போங்கள். பஸ்ஸின் உடம்பு முழுக்க அலுமினியத் தகடும் ரிவெட்டும்தான். சுமை ஜீப்புகள் குமுளி மலைப்பாதையில் ஏறி இறங்கி நசுங்குவதை அன்றாடம் நிமிர்த்துகிற கைகளுக்கு, படகின் நசுங்கலை எடுப்பது பெரிய காரியமில்லை.

ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் ரிவெட் பிடித்தால் போதும். படகில் பிடிக்கவும் வேண்டும், தண்ணீர் விடாமலும் இருக்க வேண்டும்.

தகடு விரிசல் விட்டிருந்தால் அதன் முனையில் ஒரு சின்னத் துளை போடச் சொல்லுங்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு அதைவிடப் பெரிய துண்டுத் தகட்டை, மூலைகளை வட்டமாக வெட்டி, நடுவில் பசை வைத்து ரிவெட் அடிக்கலாம். பசை என்றதும் பாத்ரூமுக்குப் பூசுகிற சிலிக்கான் நினைவுக்கு வரும். வேண்டாம். பிதுக்கும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானில் இருப்பது அமிலம்; அலுமினியத்துக்கு அது புளிக்குழம்பு மாதிரிதான். தவிர, சிலிக்கான் மேல் பெயின்ட்டும் ஒட்டாது. பஸ், கார் முன்கண்ணாடி ஒட்டுகிறவர்கள் வைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை இதற்கு நல்லது. கையால் பிசைந்து அப்புகிற எப்பாக்சி, வழியில் ஒழுகினால் கரை சேர உதவும். அதையே வைத்தியம் என்று நம்பக் கூடாது. தகடு அசையும்போது அது அசையாது, பெயர்ந்து வரும்.

"ஆர்கான் வெல்டிங் வச்சுட்டா முடிஞ்சுது" என்று சொல்பவர்கள் உண்டு. சரியான கையில் அது நல்ல வேலைதான். ஆனால் அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலிருக்கும் ஆக்சைடு சட்டை உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். இரும்பு போலச் சிவந்து எச்சரிக்கையும் செய்யாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்துவிடும். மெல்லிய தகட்டில் வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றி உலோகத்தின் பலமும் குறையும். ரிவெட் படகுக்கு ரிவெட்டே முதல் வைத்தியம், வெல்டிங் கடைசி. வைப்பதாக இருந்தால், இருக்கைக்குள் இருக்கும் தெர்மாகோலையும் பெட்ரோல் டப்பாவையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். இதில் அலட்சியம் கூடவே கூடாது.

கண்ணுக்குத் தெரியாத எடை

அந்தத் தெர்மாகோலைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

பன்னிரண்டு அடி அலுமினியப் படகின் வெறும் ஓடு 50 முதல் 80 கிலோ வரைதான் இருக்கும். இரண்டு பேர் தூக்கலாம். நாலு பேர் தூக்கியும் அசையவில்லையா? இருக்கைகளுக்கு அடியில் மிதப்பதற்காக அடைத்து வைத்த நுரை, வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கிறது என்று பொருள். படகு மூழ்கினாலும் மிதக்க வைக்க வேண்டிய பொருள், மூழ்கடிக்கிற பொருளாக மாறியிருக்கும். வெளியே எடுத்து ஒரு துண்டைப் பிழிந்து பாருங்கள். தண்ணீர் சொட்டினால் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான். புதிதாக வைக்கும்போது சாதாரண தெர்மாகோல் வேண்டாம். தண்ணீரும் குடிக்கும், பெட்ரோல் பட்டால் கரைந்தே போகும். தண்ணீர் ஏறாத, அடர்த்தியான நுரைப்பலகை கிடைக்கிறது.

புதுப்பிக்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு, எடையைக் கூட்டுவது. தரைக்கு மரப்பலகை, அதன் மேல் கார்ப்பெட், நின்றுகொண்டு வலை வீச உயரமான மேடை, வெயிலுக்கு மேற்கூரை. பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொன்றும் எடையை மேலே மேலே ஏற்றுகிறது. எடை மேலே போகப் போகப் படகு சாய்வதற்குத் தயாராகிறது. ஈரம் ஊறிய கார்ப்பெட், அடித்தட்டுக்குச் சேறு செய்கிற அதே வேலையையும் செய்யும்.

இது வெறும் கணக்கு இல்லை. கம்பத்திலிருந்து மலையேறினால் வரும் தேக்கடியில், 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டவர்களும் உண்டு. அது பழைய ஓட்டைப் படகு இல்லை, புதுப் படகு. கரையில் விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்ததாக உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஒழுகுகிற படகு மூழ்க நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கரைக்கு வந்துவிடலாம். எடை தவறிய படகு நேரமே கொடுக்காது.

ஆகவே படகில் எதையாவது சேர்ப்பதற்கு முன், எதைக் கழற்றலாம் என்று யோசிப்பதே நல்லது. கழற்றியதை எல்லாம் ஒரு தராசில் போட்டு எழுதி வையுங்கள். திரும்ப வைக்கும் எடை அதற்கு மேல் போகக் கூடாது.

அதே தேக்கடியில் இன்னொரு படகுக் கதையும் தேனிக்காரர்களுக்குத் தெரியும். தமிழகப் பொறியாளர்கள் முல்லைப் பெரியாறு அணைக்குப் போய்வரப் பயன்படுத்தும் 'கண்ணகி', 'ஜலரத்னா' என்ற படகுகள் உள்ளூர்ச் செய்திகளில் அடிக்கடி அடிபடும். படகு போகாவிட்டால் வல்லக்கடவு வழியாகக் காட்டுப்பாதையில் ஜீப்பில்தான் போயாக வேண்டும். புதிதாக வாங்கிய 'தமிழ் அன்னை' படகோ, ஓட்ட அனுமதி கிடைக்காமல் வருடக்கணக்கில் சும்மா நின்றது. 1895-லிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லுக்குத் தண்ணீர் அனுப்புகிற அணையைப் பார்த்துவர ஒரு படகு தேவைப்படுகிறது என்றால், அந்தப் படகின் கவலை ஊரின் கவலையாகிவிடுகிறது. அந்த ஏரியில் நூறு வருடங்களுக்கு மேலாகப் பட்ட மரங்கள் தண்ணீருக்குள் நிற்கின்றன. நீர்மட்டம் ஏறினால் அவற்றின் தலை மறைந்துவிடும். படகின் அடிவயிற்றுக்கு இதைவிடப் பெரிய பகை இல்லை. வைகையில் மரத்துக்குப் பதில் பாறை. தண்ணீர் குறைகிற கோடையில் அது இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

பின்பலகையும் பெயின்ட்டும்

மோட்டார் மாட்டுகிற படகு என்றால் அதன் பின்பக்கத் தகட்டுக்குள் ஒரு மரப்பலகை இருக்கும். மோட்டாரின் எடையும் உதறலும் அதில்தான் இறங்கும். மேல் பக்கம் பார்க்க நன்றாக இருந்தாலும், திருப்புளியால் குத்தினால் சோளப்பொரி மாதிரி உதிரும். கழற்றும்போது உடைத்துவிடாமல் எடுங்கள். புதுப் பலகை வெட்ட அதுதான் அளவு. பிளைவுட் கடையில் 'வாட்டர் புரூப்' என்று மட்டும் கேட்காமல், ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் மரைன் பிளைவுட்டுக்கான தர எண். ஐ.எஸ். 303 என்பது வீட்டு அலமாரிக்கு. பூச்சி அரிக்காமல் இருக்கப் பலகையில் ஏற்றும் மருந்தில் செம்பு இருக்கலாம். மயில்துத்தப் பாடம் ஞாபகம் இருக்கிறதல்லவா? எனவே நாலு விளிம்பும், போல்ட் துளைகளின் உள்பக்கமும் உட்படப் பலகை முழுவதற்கும் எப்பாக்சி பூசிக் காய வைத்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். மோட்டார் மாட்ட அனுமதி வேண்டுமா என்பதை மீன்வளத் துறையில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. பலகைக்குச் செலவழித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கடைசியில்தான் பெயின்ட். அதிலும் ஒரு ரகசியம்: நன்னீரில் ஓடுகிற அலுமினியப் படகுக்குப் பெயின்ட் அவசியமே இல்லை. அதன் சட்டை அதனிடமே இருக்கிறது. வெயிலில் கண் கூசாமல் இருக்க உள்பக்கம் மட்டும் வெளிர் நிறத்தில் பூசினால் போதும். அடர் நிறம் பூசினால் மதியம் மூன்று மணிக்கு அதில் உட்கார முடியாது.

பூசித்தான் ஆவேன் என்றால், இரும்புக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு இதில் நிற்காது. அலுமினியத்துக்கு என்று உள்ள பிரைமர் வேண்டும். இரும்பு பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அதன் துகள் தகட்டில் பதிந்து துரு பூக்கும். உப்புத்தாளோ நைலான் பிரஷ்ஷோ போதும். தேய்த்த அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்கு என்று விட்டால் ஆக்சைடு மறுபடி மூடிவிடும். பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய பெயின்ட்டின் தூசியில் இருக்கக்கூடியது குண்டான் ஈயமில்லை, நிஜ ஈயம்.

முதல் நாள்

எல்லாம் முடிந்தது. முதல் நாளே நடு அணைக்குப் போக வேண்டாம். கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் கயிறு கட்டி நிறுத்துங்கள். ஆள் ஏறாமல் ஒரு மணி நேரம் விட்டு, அடியில் ஈரம் தட்டுகிறதா என்று காய்ந்த துணியால் ஒற்றிப் பாருங்கள். அடுத்து, போகப்போகிற ஆட்களின் எடைக்கு மணல் மூட்டைகளை வைத்து இன்னொரு மணி நேரம். பிறகு ஒருவர் மட்டும் ஏறி, உட்கார்ந்தபடியே இடது பக்கமும் வலது பக்கமும் சாய்ந்து பார்க்க வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் சரி. தயங்கித் தயங்கி நிமிர்ந்தால் மேலே எடை அதிகம். கரைக்கு வந்து எதையாவது கழற்றுங்கள். மிதவைச் சட்டை இல்லாமல் இந்தச் சோதனையைக்கூடச் செய்யாதீர்கள். நீச்சல் தெரியும் என்பது பதிலாகாது.

சாயங்காலம் படகைக் கரைக்கு ஏற்றி, கழுவி, கவிழ்த்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகளின் மேல் வையுங்கள். பின்பக்கம் கீழே தண்ணீர் வடிய ஒரு துளையும், அதற்கு ஒரு மூடியும் இருக்கும். வடிந்ததும் அந்த மூடியைத் துடுப்போடு சேர்த்து ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள். மறுநாள் துடுப்பை எடுக்காமல் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். கயிற்றில் தொங்குகிற மூடியும் கூடவே கைக்கு வந்துவிடும்.